மிச்ச நூலில் எழுதப்பட்ட வரலாறு

கடந்த தைப்பொங்கலை ஒட்டிக் கனடாவிலிருந்து என் மருமகள் ஒரு சிறு பொதி அனுப்பியிருந்தாள். உள்ளே ஒரு சட்டையும் இரண்டு புத்தகங்களும் இருந்தன. ஆயினும் முதலில் என் கண்ணிற் பட்டவை அவையல்ல. அன்பளிப்புத் தாளின் மேல், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்று ஒரு நாடா முடிச்சு ஒட்டப்பட்டிருந்தது. கடையில் வாங்கிய பளபளப்பு நாடாவன்று. நீலமும் வெள்ளையுமாகக் கம்பளி நூலில் கையால் பின்னப்பட்டது.

நன்றி சொல்லத் தொலைபேசி எடுத்தபோது அவளே முந்திக்கொண்டு கேட்டாள்:

"மாமா, அம்மம்மா பின்னுற மாதிரி வந்திருக்கோ? குழந்தைக்குத் தொப்பி பின்னின மிச்ச நூலிலைதான் செய்தனான்."

என் தாயார் பின்னியவற்றின் நேர்த்தி அதில் இல்லை. ஓரங்கள் சற்றே கோணலாயிருந்தன. ஆனால் அந்த 'மிச்ச நூல்' என்ற சொல் பல நாட்கள் என்னை விட்டு அகலவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்திகளின் பின்னால் ஓடிய ஒருவனுக்கு ஒரு சொல் மனதில் விழுந்துவிட்டால் அதன் வேரைத் தேடாமல் இருக்க முடிவதில்லை. அவ்வாறு தேடியபோது கிடைத்தவற்றையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

ஒரு கொக்கி, ஒரு கண்ணி

குரோஷே என்பது பிரெஞ்சு மொழிச் சொல். சிறிய கொக்கி என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் இதனைக் குரோஷா என்றும் வழங்குவர். நுனியில் கொக்கியுள்ள ஓர் ஊசியால் நூலை இழுத்துக் கண்ணியாக்கி, அக்கண்ணிக்குள்ளாக மற்றொரு கண்ணியை இழுத்துப் பின்னிச் செல்வதே இக்கலை. சுவெற்றர் பின்னும் கலைக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. சுவெற்றர் பின்னுபவரின் இரண்டு ஊசிகளிலும் ஒரே நேரத்தில் பல கண்ணிகள் திறந்தபடி நிற்கும். ஊசி நழுவினால் அத்தனையும் அவிழ்ந்துவிடும் ஆபத்து உண்டு. குரோஷேயில் பெரும்பாலும் ஒரேயொரு கண்ணி மட்டுமே திறந்திருக்கும். உலை கொதித்தாலும், பிள்ளை அழுதாலும், வாசலில் யாரேனும் கூப்பிட்டாலும் அந்த ஒரு கண்ணியைச் சற்று நீட்டி இழுத்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இக்கலை யாரிடம் போய்ச் சேர்ந்தது, ஏன் சேர்ந்தது என்பதற்கான விடையின் பெரும்பகுதி இதற்குள்ளேயே இருக்கின்றது.

மருமகள் அனுப்பிய முடிச்சைச் செய்வது மிக எளிது. நான்கு அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் கொண்ட ஒரு செவ்வகத் துண்டைச் சாதாரணக் கண்ணிகளால் பின்ன வேண்டும். அதன் நடுவை இரு விரல்களால் மடித்துக் கிள்ளிப் பிடித்து, அதே நூலால் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் இறுகச் சுற்றிப் பின்புறம் முடிந்துவிட்டால் இரு சிறகுகளும் தாமாகவே விரியும். நூல் இன்னும் மிஞ்சினால் இரண்டு வால்களும் தொங்கவிடலாம். ஏழெட்டு மீற்றர் நூல் போதும். வேறெதற்கும் உதவாது என்று எறியப்படும் அளவுதான் அது.

தோற்றம் பற்றிய கதைகள்

குரோஷே பண்டைய எகிப்தில் தோன்றியது, அரேபியாவில் தோன்றியது, சீனாவில் தோன்றியது என்றெல்லாம் எழுதுவோர் உளர். ஆனால் ஐரோப்பிய அருங்காட்சியகங்களையும் பழைய நூல்களையும் துருவி ஆராய்ந்த டென்மார்க் நாட்டவரான லிஸ் பலூடன், 1800ஆம் ஆண்டுக்கு முன்னர் ஐரோப்பாவில் குரோஷே இருந்தது என்பதற்கு உறுதியான சான்று எதனையும் காணவில்லை. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த எலிசபெத் கிராண்ட் என்பவரின் நினைவுக் குறிப்புகளில் 'இடையர் பின்னல்' என்ற பெயரில் கொக்கிப் பின்னல் ஒன்று குறிப்பிடப்படுகின்றது. அது 1812ஆம் ஆண்டைப் பற்றியது. 1820களில் பெனலோப்பே என்ற டச்சுப் பெண்கள் சஞ்சிகை, குரோஷேயில் பணப்பை பின்னும் முறைகளை வெளியிட்டது. அச்சில் கிடைக்கும் மிகப் பழைய குரோஷே மாதிரிகளுள் இவை அடங்கும். ஆகவே, நாம் மிகத் தொன்மையானது என்று எண்ணும் இக்கலை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகால வயதினதே.

இதன் மூலத்தைப் பற்றிப் பரவலாக ஏற்கப்படும் ஒரு கருத்து நம் பக்கத்தை நோக்கித் திரும்புகின்றது. மேளத்தின் தோலைப்போல் வட்டச் சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, கொக்கி ஊசியால் துணியினூடாக நூலை இழுத்துச் சங்கிலித் தையல் இடும் வேலைப்பாடு 18ஆம் நூற்றாண்டில் கீழைத்தேயத்திலிருந்து ஐரோப்பாவிற்குச் சென்றது. இந்தியாவில் ஆரி வேலை என வழங்கும் தையல் இதே வகையினது. கட்ச் பகுதியில் தோல் வேலை செய்த மோச்சி சமூகத்தினர் இதில் பெயர் பெற்றவர்கள். பின்னர் எவரோ ஒருவர் துணியை அகற்றிவிட்டு, கண்ணிக்குள் கண்ணியாக வெறும் காற்றிலேயே அத்தையலை இட்டிருக்க வேண்டும் என்பர். பெயர் தெரியாத அந்த எவரோ ஒருவரைத்தான் குரோஷேயின் மூலவர் எனக் கொள்ளவேண்டியுள்ளது.

1840களில் இங்கிலாந்தில் குரோஷே நூல்கள் அடுக்கடுக்காக வெளிவந்தன. அவற்றுள் மிகுந்த புகழ் பெற்றவர் எலெனோர் ரியேகோ டி லா பிரான்ஷாடியேர். இளவயதிலேயே எழுதத் தொடங்கி, பல பத்து நூல்களை வெளியிட்ட இவர், வெனிஸ் நகரத்து ஊசி றேந்தையின் வடிவங்களைக் குரோஷேக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தார். 1851இல் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியில் இவரது வேலைப்பாடுகள் பரிசு பெற்றன.

றேந்தை என்ற சொல்லை இளைய வாசகர்கள் அறியாதிருக்கலாம். லேஸ் என்று இன்று சொல்வதைத்தான் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் றேந்தை என்றனர். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல் அது.

பஞ்சத்தில் பிறந்த பூக்கள்

குரோஷேயின் வரலாற்றை ஒரு பொழுதுபோக்கின் வரலாறாக எழுதிவிட முடியாதபடி செய்த நாடு அயர்லாந்து.

1845ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. நிலமற்ற குடியானவர்களும் சிறு குத்தகைக்காரரும் ஏறத்தாழ முழுவதுமாக உருளைக்கிழங்கையே உண்டு வாழ்ந்த நாடு அது. தொடர்ந்து வந்த ஆண்டுகளிலும் பயிர் அழிந்தது. பட்டினியாலும் அதனைத் தொடர்ந்த காய்ச்சல்களாலும் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் மாண்டனர். குறைந்தது மேலும் பத்து இலட்சம் பேர் கப்பலேறினர். 1841இல் எண்பத்தொரு இலட்சத்துக்கும் அதிகமாயிருந்த மக்கள்தொகை 1851இல் அறுபத்தைந்து இலட்சமளவாகக் குறைந்தது. அயர்லாந்துத் தீவின் இரு பகுதிகளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 1841ஆம் ஆண்டின் தொகையை அத்தீவு இன்றுவரை மீண்டும் எட்டவில்லை. மக்கள் மடிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன என்பதும் குறிப்பிடத்தக்கது.

இந்தச் சூழலில்தான் கொக்கி ஊசி ஏழை வீடுகளுக்குள் நுழைந்தது. தெற்கே கோர்க் நகரை அடுத்த பிளாக்றொக்கில் உர்சுலைன் கன்னியர் மடத்தினர் சிறுமியருக்குக் குரோஷே கற்பித்தனர். கில்டேர் மாவட்டத்தில் தோர்ன்ரன் என்ற ஊரில் திருமதி ரொபேர்ட்ஸ் என்பவர் ஒரு பயிற்சி நிலையத்தை நடத்தி, அங்கு பயின்ற பெண்களை நாட்டின் வேறு பகுதிகளுக்கு ஆசிரியைகளாக அனுப்பினார். 1847இல் வடக்கேயுள்ள மொனகன் மாவட்டத்தின் குளோனிஸ் என்ற சிற்றூருக்கு, அவ்வூர் அங்கிலிக்கன் குருவின் மனைவியாக வந்து சேர்ந்தவர் கசாண்ட்ரா ஹாண்ட். பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டு அது. அவர் தோர்ன்ரனிலிருந்து ஓர் ஆசிரியையை வரவழைத்து ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்தார். சில ஆண்டுகளில் குளோனிஸ் அயர்லாந்துக் குரோஷேயின் இரு பெருமையங்களுள் ஒன்றாயிற்று. மற்றையது கோர்க். கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையே ஆழ்ந்த பிளவு நிலவிய ஒரு நாட்டில், ஒருபுறம் கன்னியர் மடமும் மறுபுறம் குருமனையும் ஒரே வேலையைக் கற்பித்தன.

ஏன் குரோஷே? ஊசி றேந்தைக்கும் தலையணையில் பின்னும் றேந்தைக்கும் நீண்டகாலப் பயிற்சி வேண்டும். அவற்றில் ஒரு சிறு துண்டை முடிக்கவே பல நாட்கள் செல்லும். குரோஷேயைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். அதைவிட மிகக் குறைந்த நேரத்தில் விற்கத்தக்க பொருளொன்றைச் செய்து முடிக்கலாம். முதலீடும் மிகக் குறைவு. கடையில் ஊசி வாங்க வசதியற்றவர்கள் கம்பித்துண்டொன்றை மரக்கட்டையிலோ தக்கையிலோ செருகி, அதன் நுனியை அராவி வளைத்துக் கொக்கியாக்கினர். அத்தகைய ஊசிகளால் பின்னப்பட்டவையே பாரிஸ் நகரத்துச் சீமாட்டிகளின் கழுத்துப் பட்டிகளை அலங்கரித்தன.

வேலை நடந்த முறையும் கவனிக்கத்தக்கது. முழுத் துண்டையும் ஒருவரே பின்னுவதில்லை. ஒருத்தி ரோஜா மலர்களை மட்டும் பின்னுவாள். இன்னொருத்தி இலைகளை மட்டும் பின்னுவாள். வேறொருத்தி மூவிலைச் செடியான ஷாம்ரொக்கை மட்டும் பின்னுவாள். தடித்த நூலொன்றை உள்ளே வைத்து அதன்மேற் பின்னுவதால் அம்மலர்கள் புடைத்து நிற்கும். பின்னர் அவற்றைத் துணியொன்றின்மேல் வரைந்த வடிவத்திற்கேற்ப அடுக்கித் தைத்து, இடைவெளிகளை வலைக் கண்ணிகளால் நிரப்பி இணைப்பர். குளோனிஸ் வேலைப்பாட்டின் இந்த வலையில் இடையிடையே சிறிய உருண்டை முடிச்சுகள் காணப்படும். இன்றும் அது குளோனிஸ் முடிச்சு என்றே வழங்குகின்றது. சில குடும்பங்கள் தமக்கெனச் சில மலர் வடிவங்களைக் கொண்டிருந்தன என்றும், பிறர் கண்ணிற் படாமல் அவற்றைக் காத்தன என்றும் கூறுவர். நிலமற்றவர்களுக்கு அந்த மலர் வடிவமே ஆதனமாயிற்று.

இதனால் எத்தனை உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. பல வீடுகளில் வாடகை செலுத்தப்பட்டதும், உலையில் ஏதேனும் வெந்ததும், சிலர் கப்பற் கட்டணம் சேர்த்ததும் இந்த நூல் வேலையால்தான். ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. விலையைத் தீர்மானித்தவர் பின்னியவரல்லர். நாகரிகம் மாறியபோது கேள்வி குறைந்தது. கேள்வி குறைந்தபோது கூலி வீழ்ந்தது. வறியவர் பின்னியது என்பதாலேயே இதனை உண்மையான றேந்தையின் மலிவுப் போலி என்று இகழ்ந்த செல்வர்களும் இருந்தனர்.

மகாராணியின் கழுத்துத்துண்டு

அதே கண்ணிகளை அரண்மனையிலும் ஒருவர் பின்னினார். விக்டோரியா மகாராணிக்குக் குரோஷே தெரியும். 1900ஆம் ஆண்டில், தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, எண்பது வயதைக் கடந்திருந்த மகாராணி காக்கி நிறக் கம்பளி நூலில் எட்டுக் கழுத்துத்துண்டுகளைத் தமது கையாலேயே பின்னினார். அவற்றில் தமது பெயரெழுத்துகளையும் பொறித்தார். நான்கு பிரித்தானியப் படையினருக்கும், ஏனைய நான்கு கனடா, அவுஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய இடங்களின் குடியேற்றப் படைகளைச் சேர்ந்தோருக்கும் வழங்கப்பட்டன. பெற்றவர்களின் பெயர்கள் வரலாற்றில் உள்ளன. அத்துண்டுகளிற் சில இன்றும் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன.

மகாராணியின் எட்டுத் துண்டுகளுக்கும் கணக்கு உண்டு. குளோனிஸ் பெண்களின் ஆயிரமாயிரம் மலர்களும் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஆனால் அம்மலர்களுக்குக் கீழே பின்னியவரின் பெயர் அநேகமாக இருப்பதில்லை. ஊரின் பெயர் இருக்கும். கற்பித்த சீமாட்டியின் பெயர் இருக்கும். பின்னிய கையின் பெயர் இருக்காது.

மிச்சம் என்ற செல்வம்

இனி மிச்ச நூலுக்கு வருவோம். 1885ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோவிலிருந்து வெளிவந்த பிரேயரி ஃபார்மர் என்ற விவசாயப் பத்திரிகை, மிஞ்சிய கம்பளி நூல்களைக் கொண்டு சிறு சதுரங்களாகப் பின்னி அவற்றை இணைத்துப் போர்வையாக்கும் முறையை வெளியிட்டது. இன்று 'பாட்டி சதுரம்' என உலகெங்கும் அறியப்படும் பின்னலின் மிகப் பழைய அச்சு வடிவம் அதுவே எனக் கருதப்படுகின்றது. பல நிறங்களைக் கொண்டிருப்பதே அச்சதுரத்தின் அழகு. அந்த அழகின் காரணம் வறுமை. ஒரே நிறத்தில் போதிய நூல் இல்லாதவர்களே ஒவ்வொரு சுற்றையும் ஒவ்வொரு நிறத்தில் பின்னினர்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாம் திகதி உடைகளுக்குப் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. பின்னல் நூலும் அதில் அடங்கியது. 1943இல் அந்நாட்டு வர்த்தகச் சபை, இருப்பதைத் திருத்திப் பயன்படுத்துமாறு கூறும் கைந்நூலொன்றை மக்களிடையே பரப்பியது. பழைய கம்பளி உடைகளை அவிழ்த்து, நூலைக் கழுவி, சுருக்கம் நீக்கி மீண்டும் பின்னினார்கள். முழு உடைக்குப் போதாத மிச்சத்தில் குழந்தையின் காலுறையும், சட்டையில் குத்தும் பூவும், கூந்தலில் முடியும் அலங்கார முடிச்சும் உருவாயின. போரின் நடுவே ஒரு தாய் தன் மகளின் தலையில் பொருத்திய முடிச்சைப் பயனற்ற அலங்காரம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. எல்லாம் பங்கிடப்பட்ட ஒரு நாட்டில் கணக்குக்குள் வராமல் எஞ்சிய ஒன்றிலிருந்து செய்யப்பட்டது அது.

நாகர்கோவிலும் நரசாப்பூரும்

நமது பக்கத்தில் இவ்வேலைகளைப் பரப்பியவர்கள் பெரும்பாலும் மிஷனரிமாரின் மனைவியர். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மோல்ட் அம்மையார் 1821இல் அங்கு பெண்களுக்கு றேந்தை பின்னக் கற்பித்தார். இது குரோஷே அன்று. தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வகை. வெலிகம, காலிப் பகுதிகளில் பீரலு என்ற பெயரில் இதே வகைப் பின்னலை இலங்கை வாசகர்கள் கண்டிருப்பர். மார்த்தா அம்மையாரிடம் பயின்றவர்களுள் அடிமைநிலையிலிருந்த பெண்களும் இருந்தனர். றேந்தை விற்ற பணத்தைக் கொண்டு அவர்களிற் சிலர் தமது விடுதலையைப் பெற்றனர் என மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855இல்தான். சட்டம் வருமுன்னரே நூல் அப்பெண்களுக்கு உதவியிருக்கின்றது.

மார்த்தா அம்மையாரின் மகள் எலைசா, 1844இல் ரொபேர்ட் கால்டுவெலை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். அங்கும் பெண்களுக்கு றேந்தை வேலை கற்பித்தார். 1856இல் வெளிவந்த கால்டுவெலின் ஒப்பிலக்கணத்தைத் தமிழ் கற்ற அனைவரும் அறிவர். எலைசாவின் றேந்தைப் பள்ளியை அறிந்தவர் மிகச் சிலரே.

குரோஷே இந்தியாவில் பெருந்தொழிலாக வேரூன்றியது ஆந்திராவின் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள நரசாப்பூரிலாகும். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக அறிமுகமாகி, ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. அயர்லாந்தைப்போலவே இங்கும் ஒருத்தி மலரைப் பின்னுவாள், மற்றொருத்தி இணைப்பாள். 1970களின் இறுதியில் அங்கு ஆய்வு நடத்திய ஜேர்மனியச் சமூகவியலாளர் மரியா மீஸ், 1982இல் வெளியிட்ட நூலில் ஒரு முக்கியமான உண்மையை எடுத்துக்காட்டினார். நாள்தோறும் பல மணிநேரம் உலகச் சந்தைக்காகப் பின்னிய அப்பெண்களை எவரும் தொழிலாளர் என்று அழைக்கவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்கள் செய்வது ஓய்வுநேரக் கைவேலை. இவ்வாறு சொல்லப்பட்டதனாலேயே அவர்களுக்கு மிகச் சொற்பமான கூலி கொடுத்தால் போதுமென்றாயிற்று. வீட்டைவிட்டு வெளியே வேலைக்குப் போவது குடும்ப மதிப்புக்கு இழுக்கு என்று எண்ணிய குடும்பங்களின் பெண்களும் இதற்குள் அகப்பட்டிருந்தனர். ஏற்றுமதி வணிகத்தில் வளம் பெற்றோர் ஆண்கள். 2024இல் நரசாப்பூர்க் குரோஷே புவிசார் குறியீடு பெற்றது. ஊரின் பெயருக்குக் கிடைத்த அந்த மதிப்பு, பின்னும் கைகளின் கூலியிலும் தெரியவேண்டும்.

குரோஷேயின் வரலாறு முழுவதிலும் இந்த ஒரு விடயம் ஓடிக்கொண்டிருப்பதாக எனக்குப் படுகின்றது. நூல் மிச்சமாயிருக்கலாம். ஆனால் பின்னும் பெண்ணின் நேரத்தையும் மிச்ச நேரம் என்று உலகம் கணக்கிட்டுவிட்டது. ஒரு கண்ணியை நீட்டி விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்வர முடியும் என்ற வசதியே, அது வேலையல்ல என்று சொல்வதற்கும் காரணமாயிற்று.

இயந்திரத்திற்கு எட்டாதது

சுவெற்றரைப் பின்ன இயந்திரம் வந்து நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. றேந்தை நெய்யும் இயந்திரங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கைவேலைக்காரரின் பிழைப்பைப் பறித்தன. குரோஷேயோ இன்றும் தொழிற்சாலைக்கு வசப்படவில்லை. அதுபோலத் தோற்றமளிக்கும் துணிகளை இயந்திரங்கள் தயாரிக்கின்றன; ஆய்வுகூடங்களில் முயற்சிகளும் நடக்கின்றன. ஆனால் கடையில் நாம் காணும் உண்மையான குரோஷேப் பொருள் எதுவாயினும் அது ஒருவரின் கையால் பின்னப்பட்டதே. ஆகவே அங்காடியில் குரோஷேச் சட்டையொன்று நம்பமுடியாத மலிவுவிலையில் தொங்குமானால், அந்த மலிவு இயந்திரத்தின் திறமையால் வந்ததன்று. எங்கோ ஒரு பெண்ணின் நேரம் மிச்ச நேரமாகக் கணக்கிடப்பட்டிருக்கின்றது என்பதே அதன் பொருள்.

2020இல் கொரோனா முடக்க காலத்தில் உலகெங்கும் இளையோர் பலர் காணொளிகளைப் பார்த்துக் குரோஷே கற்றனர். என் மருமகளும் அவர்களுள் ஒருத்தி. ஒரு துண்டைப் பின்னி முடிக்க எத்தனை மணிநேரம் வேண்டும் என்பதைத் தன் விரல்களால் அறிந்த எவரும் பின்னலின் விலையை முன்போற் பார்க்கமாட்டார்கள். அந்த வகையில் இந்தப் புதிய ஆர்வம் வரவேற்கத்தக்கது.

என் தாயாரின் தொழில்

யாழ்ப்பாணத்துக்குத் தையல் வேலையும் மிஷன் பாடசாலைகளின் வழியே பரவியது. அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் எழுத்தோடு தையலும் கற்பித்தனர். என் அம்மம்மா அவ்வாறான ஒரு பாடசாலையில் பயின்றவர். அவரிடமிருந்து என் தாயார் கற்றுக்கொண்டார்.

எங்கள் வீட்டில் வானொலிப் பெட்டிக்கும் தண்ணீர்க் குவளைக்கும் அவர் பின்னிய மூடு துணிகள் இருந்தன. தலையணை உறைகளின் ஓரங்களில் றேந்தை இருந்தது. இவை வீட்டுக்காக. இவற்றைவிட, பட்டணத்துக் கடையொன்றுக்காகக் குழந்தைத் தொப்பிகளும் மேசை விரிப்புகளும் பின்னிக் கொடுப்பார். மிஞ்சும் நூலில் என் தங்கையின் இரட்டைப் பின்னலுக்குச் சோடியாக முடிச்சுகள் செய்வார். பாடசாலையில் வெள்ளை றிபன் மட்டுமே அனுமதி என்பதால் அந்த நிற முடிச்சுகள் கோயிலுக்கும் கொண்டாட்டங்களுக்கும் உரியவை.

தந்தையார் காலமான பின்னர் அந்தக் கடைப் பணம்தான் எங்கள் வீட்டின் நிரந்தர வரவு. என் தனியார் வகுப்புக் கட்டணமும், நான் பல்கலைக்கழகம் போய்வந்த துவிச்சக்கரவண்டியும் அதிலிருந்து வந்தவை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து பொருட்கள் வருவது அரிதாகி, வந்தவையும் பன்மடங்கு விலையேறியபோது, தாம் முன்னர் பின்னிய மேசை விரிப்புகளையே அவர் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஒரு மாலை முழுவதும் அவர் அவிழ்க்க, நானும் தங்கையும் நூலை உருண்டையாகச் சுற்றியது நினைவிருக்கின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்களெல்லாம் வெளியேறியபோது அவர் தூக்கிவந்த பையில் அடையாள அட்டைகளோடும் காணி உறுதியோடும் அந்தக் கொக்கி ஊசியும் இருந்தது. சாவகச்சேரியில் நாங்கள் தங்கியிருந்த வீட்டின் திண்ணையில் மூன்றாம் நாளே பின்னத் தொடங்கிவிட்டார்.

அவர் மறைந்தபோது மரண அறிவித்தலை எழுதியவன் நான்தான். அதுவரை எத்தனையோ பேருக்கு எழுதிக்கொடுத்தவன். 'ஓய்வுபெற்ற ஆசிரியர்', 'முன்னாள் எழுதுவினைஞர்', 'பிரபல வர்த்தகர்' என்று ஒவ்வொருவரின் பெயருக்கு முன்னும் தொழிலைக் குறிப்பது எங்கள் வழக்கம். என் தாயாரின் பெயருக்கு முன்னால் எதனையும் எழுதவில்லை. மரணப் பதிவுக்கான படிவத்தில் தொழில் என்று கேட்டிருந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டதும் நான்தான். ஒரு கணமேனும் தயங்கியதாக நினைவில்லை.

மரியா மீஸ் நரசாப்பூரில் கண்டதை வாசித்தபோது எனக்கு அந்தப் படிவம் நினைவுக்கு வந்தது. அவர் குற்றம் சாட்டியது வணிகர்களை மட்டுமன்று. அந்த வரவில் உண்டு, உடுத்து, படித்துவிட்டு அதனைத் தொழில் என்று சொல்லத் தோன்றாத எங்களையுந்தான்.

பதிவான படிவத்தை இனித் திருத்த முடியாது. ஆயினும் இலட்சக்கணக்கான சொற்களை எழுதிச் சம்பளம் பெற்ற ஒருவன், விட்டுப்போன இரண்டு சொற்களை இங்காவது எழுதிவைக்கலாம் அல்லவா? என் தாயார் ஒரு குரோஷேத் தொழிலாளி. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அத்தொழிலைச் செய்தார்.

மருமகள் அனுப்பிய நீல வெள்ளை முடிச்சை எழுதும் மேசையின் விளக்கில் கட்டியிருக்கின்றேன். அடுத்த முறை பேசும்போது ஓரம் கோணாமல் பின்ன அம்மம்மா என்ன செய்வார் என்பதை அவளுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணிகளை எண்ணிப் பார்ப்பார். எண்ணிக்கை தவறியிருந்தால் எவ்வளவு தூரம் பின்னியிருந்தாலும் தயங்காமல் அவிழ்த்துவிடுவார்.